மருத்துவப் படங்களை இழப்பின்றிச் சுருக்குதல்: டைகாம் கோப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு சி.டி. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் 512 வரிசைகளும் 512 நிரல்களும் இருக்கும். ஒவ்வொரு படப்புள்ளியும் இரண்டு பைட் இடம் எடுப்பதால் ஒரு படத்தின் அளவு 5,24,288 பைட், அதாவது சரியாக அரை மெகாபைட் ஆகிறது. மெல்லிய துண்டுகளாக எடுக்கப்படும் ஒரு பரிசோதனையில் ஆயிரம் படங்கள் சேர்வது இன்று வழக்கமாகிவிட்ட நிலையில், ஒரு நோயாளியின் ஒரே ஸ்கேன் 500 மெகாபைட்டை நிரப்பிவிடுகிறது. எம்.ஆர்.ஐ., டிஜிட்டல் எக்ஸ்ரே, மேமோகிராம் ஆகியவற்றையும் சேர்த்துப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய மருத்துவமனைக்குச் சேமிப்பகச் செலவும், படங்களை மருத்துவரின் திரைக்குக் கொண்டுசேர்க்கும் நேரமும் நீங்காத கவலைகளாகின்றன.

மருத்துவப் படங்களைச் சேமித்துப் பகிரும் பேக்ஸ் சர்வரைப் பராமரிப்பவர்களுக்கும், ரேடியாலஜி துறையின் தகவல் தொழில்நுட்பப் பணியில் இருப்பவர்களுக்கும், இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் உதவும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எந்தச் சுருக்க முறை சிறந்தது என்ற கேள்விக்கே பலரும் தங்கள் நேரம் முழுவதையும் செலவிடுகிறார்கள். தரப்படுத்தப்பட்ட நல்ல முறைகளுக்கிடையிலான அளவு வேறுபாடு சிறியது. சுருக்குவதற்கு முன் படத்தைச் சரியாகப் படித்தறிவதும், சுருக்கிய பின் ஒவ்வொரு படப்புள்ளியும் மாறாமல் இருக்கிறதா என்று சோதிப்பதுமே நோயாளியைப் பாதுகாக்கும் வேலைகள் என்பதால், இங்கே அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இழப்பற்ற சுருக்கம் என்று எதைச் சொல்கிறோம்

சுருக்கிய கோப்பை மீண்டும் விரிக்கும்போது ஒவ்வொரு படப்புள்ளியின் எண்ணும் மூலத்தில் இருந்தபடியே, ஓர் அலகுகூடக் கூடாமலும் குறையாமலும் வந்தால் மட்டுமே அது இழப்பற்ற சுருக்கம். கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை என்பது இந்த வரையறைக்குள் வராது. சி.டி. படத்தின் எண்கள் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் உடலின் அடர்த்தியைக் குறிக்கின்றன. தண்ணீர் 0, காற்று ஏறத்தாழ -1000. நுரையீரலைப் பார்க்கும்போது ஏறக்குறைய 1500 அலகு அகலமுள்ள சாளரத்தை, அதாவது திரையில் காட்டும் அலகு வரம்பை, பயன்படுத்தும் மருத்துவர், மூளையைப் பார்க்க அதை 80 அலகாகக் குறுக்கிக்கொள்கிறார். அந்த 80 அலகுகள் திரையின் 256 சாம்பல் படிகளில் விரிக்கப்படும்போது, ஓர் அலகு மாற்றம் மூன்று படிகளுக்கு மேல் நகர்த்துகிறது. ஒரு சாளரத்தில் தெரியாத பிழை இன்னொரு சாளரத்தில் தெரிந்துவிடலாம்.

அளவீடுகளில் இது இன்னும் முக்கியமாகிறது. இதயத் தமனிகளில் படிந்த கால்சியத்தை மதிப்பிடும் அகாட்ஸ்டன் முறையில் 130 அலகு என்பது வரம்பு. அதை எட்டும் புள்ளிகள் கணக்கில் சேரும், எட்டாதவை சேராது. புள்ளிக்கு இரண்டு அலகு வரை பிழையை அனுமதிக்கும் 'கிட்டத்தட்ட இழப்பற்ற' முறை 129-ஐ 131 ஆக்கக்கூடும் என்பதால், அதை இழப்புள்ள முறையாகவே கருத வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., இழப்புள்ள முறையில் சுருக்கிய மேமோகிராம்களை அசலுக்குப் பதிலாகப் பாதுகாத்து வைப்பதை ஏற்பதில்லை. இழப்பற்ற சுருக்கத்தை ஏற்கிறது.

எவ்வளவு சுருங்கும், ஏன் அதற்கு மேல் சுருங்காது

விற்பனையாளர்களின் கணக்குகளைப் படிப்பதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த என்ட்ரோபி, ஒரு தரவை இழப்பின்றி எத்தனை பிட் வரை சுருக்க முடியும் என்பதற்கு எல்லை விதிக்கிறது. மருத்துவப் படங்களில் அந்த எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரைச்சல், அதாவது ஒரே வகைத் திசுவுக்குள்ளும் புள்ளிக்குப் புள்ளி ஏற்படும் தற்செயலான ஏற்ற இறக்கம். திசுவின் வடிவத்தை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம், ஆனால் இரைச்சலைக் கணிக்க முடியாது.

புள்ளிகளின் இரைச்சல் ஒன்றையொன்று சாராத காஸியன் பரவலில் இருப்பதாகக் கொண்டால், அதன் என்ட்ரோபி திட்ட விலக்கத்தின் இரண்டடிமான மடக்கையுடன் ஏறத்தாழ 2.05-ஐக் கூட்டினால் கிடைக்கும் பிட்டுகள். திட்ட விலக்கம் 10 அலகு என்றால் புள்ளிக்கு 5.37 பிட். 16 பிட்டில் சேமித்த படம் இங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எலும்பைத் துல்லியமாகக் காட்டும் கூர்மையான கெர்னலில் (படத்தை மீட்டெடுக்கும்போது பயன்படும் வடிகட்டி) மீட்டெடுத்த மெல்லிய துண்டில் திட்ட விலக்கம் 40-ஐ எட்டினால் 7.37 பிட் தேவைப்படும்; சுருக்க விகிதம் 2.17-ஆகக் குறையும். இரைச்சல் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் புள்ளிக்கு ஒரு பிட் கூடுகிறது. உண்மையான சி.டி. இரைச்சலில் அண்டைப் புள்ளிகளுக்கிடையே ஓரளவு தொடர்பு இருப்பதால் கணக்கு இதிலிருந்து சற்று விலகும், ஆனால் போக்கு இதுவே. ஒரே கருவியில் ஒரே நாளில் எடுத்த இரண்டு தொடர்களின் சுருக்க விகிதம் வெகுவாக மாறுபட்டால் மென்பொருளைக் குறைகூறும் முன் கெர்னலையும் துண்டின் தடிமனையும் பார்க்க வேண்டும்.

சி.டி. படத்தின் விகிதம் உயர்வதற்கு இன்னொரு காரணம், மீட்டெடுத்த பகுதி பல கருவிகளில் வட்டமாக இருப்பது. சதுரத்துக்குள் அமையும் வட்டம் 78.5 விழுக்காட்டு இடத்தையே பிடிக்கும். மீதமுள்ள 21.5 விழுக்காடு ஒரே நிரப்பு மதிப்பைக் கொண்டிருப்பதால் அதற்கு ஏறக்குறைய இடமே தேவைப்படாது. மேலும், 12 பிட் தரவை 16 பிட் இடத்தில் வைத்திருக்கும்போது, வெறுமனே நெருக்கி அடுக்கினாலே 1.33 மடங்கு குறைந்துவிடும். ஆகவே ஒருவர் சுருக்க விகிதம் சொல்லும்போது, அதை 16 பிட்டிலிருந்து கணக்கிட்டாரா 12 பிட்டிலிருந்து கணக்கிட்டாரா என்று கேட்பது நியாயமான கேள்வி.

முதல் படி: கையிருப்பில் உள்ளவற்றைப் படித்தறிதல்

மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரமே டைகாம். டைகாம் கோப்பில் படப்புள்ளிகளுக்கு முன் அவற்றை விளக்கும் புலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கருவியிலிருந்தும், ஒவ்வொரு வகைத் தொடரிலிருந்தும் சில கோப்புகளை எடுத்து இந்தப் புலங்களைப் பட்டியலிட்ட பின்னரே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

கோப்பு இப்போது எந்த வடிவில் குறியாக்கப்பட்டிருக்கிறது என்பதை (0002,0010) புலத்தில் உள்ள டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸ் எண் சொல்கிறது. 1.2.840.10008.1.2 அல்லது 1.2.840.10008.1.2.1 என்றால் படப்புள்ளிகள் சுருக்கப்படாமல் உள்ளன. 1.2.840.10008.1.2.4.50 என்றால் அது ஏற்கெனவே இழப்புள்ள ஜேபெக். அல்ட்ராசவுண்ட் கருவிகள் பல இந்த வடிவிலேயே படங்களை அனுப்புகின்றன. அத்தகைய கோப்பை விரித்து இழப்பற்ற முறையில் மறுபடி சுருக்கினால், போன தகவல் திரும்பி வராது; கோப்பு மட்டும் பெரிதாகும். அவற்றைத் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். இழப்புள்ள சுருக்கத்துக்கு ஒருமுறை உட்பட்ட படமா என்பதை (0028,2110) புலம் '01' என்று குறிக்கும். பின்னர் அந்தப் படத்தை எந்த வடிவுக்கு மாற்றினாலும் இந்தக் குறி மாறக் கூடாது.

அடுத்து (0028,0100) புலத்தில் ஒதுக்கிய பிட்டுகளும், (0028,0101) புலத்தில் உண்மையில் பயன்படும் பிட்டுகளும், (0028,0102) புலத்தில் மேல் பிட்டின் இடமும், (0028,0103) புலத்தில் எண்கள் குறியுள்ளவையா (எதிர்மறை மதிப்புகளையும் ஏற்பவையா) இல்லையா என்பதும் இருக்கும். ஒரு புள்ளிக்கு எத்தனை மதிப்புகள் என்பதை (0028,0002) புலமும், நிற அமைப்பை (0028,0004) புலமும், நிரப்பு மதிப்பை (0028,0120) புலமும் தரும். இந்தப் புலங்கள் சொல்வதும் படத்தில் உண்மையில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இந்தப் படியின் மிக முக்கியமான பகுதி. 12 பிட் என்று அறிவித்த படத்தில் 4095-க்கு மேற்பட்ட எண் ஏதேனும் வந்தால், அந்த வகைப் படங்களைத் தனியே ஒதுக்கி, காரணம் தெரியும்வரை சுருக்கக் கூடாது.

இரண்டாம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

டைகாம் தரத்தில் இடம்பெற்ற முறைகளை மட்டுமே பரிசீலிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வு இதழ்களில் இவற்றைவிடச் சில விழுக்காடு கூடுதலாகச் சுருக்கும் முறைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நரம்பியல் வலையமைப்பு வழியாகக் கணிப்பவையும் உண்டு. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தின் மென்பொருள் இந்தக் கோப்பைத் திறந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, அந்தச் சில விழுக்காட்டைவிடப் பெரியது.

ஆர்எல்இ, 1.2.840.10008.1.2.5. ஒரே மதிப்பு தொடர்ந்து வரும்போது அதை ஒருமுறை எழுதி எத்தனை தடவை என்று குறிக்கும் எளிய முறை. 16 பிட் எண்களை மேல் பைட், கீழ் பைட் என்று பிரித்துத் தனித்தனியாகச் சுருக்குகிறது. மேல் பைட் நன்றாகச் சுருங்கும். இரைச்சல் முழுவதும் குடியிருக்கும் கீழ் பைட் பெரும்பாலும் அசையாது. வேகம் மிக அதிகம் என்பதைத் தவிர இதைத் தேர்ந்தெடுக்க இன்று காரணம் குறைவு.

இழப்பற்ற ஜேபெக், 1.2.840.10008.1.2.4.70. இது 1992-ஆம் ஆண்டின் ஜேபெக் தரத்திலேயே உள்ள தனி முறை; நாம் அன்றாடம் காணும் இழப்புள்ள ஜேபெக்குக்கும் இதற்கும் கணக்கீட்டில் ஒற்றுமை கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும், அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறைந்த பிட்டுகள் தரும் ஹஃப்மன் குறியீட்டில் எழுதுகிறது. தரத்தில் ஏழு கணிப்பு வாய்பாடுகள் இருந்தாலும், இந்த எண்ணுக்குரிய வடிவம் இடப்பக்கப் புள்ளியை மட்டுமே பார்க்கும் முதல் வாய்பாட்டைப் பயன்படுத்துகிறது. பழைய கருவிகளும் மென்பொருள்களும் மிகப் பரவலாக ஆதரிக்கும் இழப்பற்ற வடிவம் இதுதான்.

ஜேபெக்-எல்எஸ், 1.2.840.10008.1.2.4.80. எச்.பி. ஆய்வகத்தில் வைன்பெர்கர், செரூசி, சபிரோ ஆகிய மூவரும் உருவாக்கிய லோகோ-ஐ என்ற செயல்முறையை அடிப்படையாகக் கொண்டது. இதன் உள்ளே நடப்பதை ஒரு சி.டி. படத்தின் எண்களைக் கொண்டு பார்த்தால், முன்கணிப்பு முறைகள் அனைத்தும் எப்படி இயங்குகின்றன என்பது தெளிவாகிவிடும்.

சேமித்த எண்ணிலிருந்து 1024-ஐக் கழித்தால் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு கிடைக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கல்லீரலின் நடுவே ஒரு புள்ளி. அதன் இடப்பக்கப் புள்ளி 1079, மேலுள்ள புள்ளி 1092, மேல்-இடது மூலைப் புள்ளி 1084. மூலைப் புள்ளி மற்ற இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருப்பதால், இடத்தையும் மேலையும் கூட்டி மூலையைக் கழிக்கிறது செயல்முறை: 1079 + 1092 - 1084 = 1087. உண்மையான எண் 1081. பிழை -6. எதிர்மறை எண்களைத் தவிர்க்க, 0, -1, 1, -2, 2 என்ற வரிசையை 0, 1, 2, 3, 4 என்று மாற்றி எண்ணும்போது -6 என்பது 11 ஆகிறது. இந்த 11-ஐ கோலம்-ரைஸ் குறியீட்டில், மூன்று கீழ்பிட்டுகளைத் தனியே பிரித்து எழுதினால், ஈவு 1, மீதி 3. ஈவுக்கு இரண்டு பிட், மீதிக்கு மூன்று பிட். 16 பிட் எடுத்த புள்ளி ஐந்து பிட்டில் அடங்கிவிட்டது.

இப்போது விலா எலும்பின் இடது விளிம்புக்கு வருவோம். இடது 1086, மேலே 1420, மூலையில் 1084. மூலைப் புள்ளி மற்ற இரண்டைவிடச் சிறியதாக இருப்பதால், இங்கே ஒரு விளிம்பு செங்குத்தாகச் செல்கிறது என்று ஊகித்து, இரண்டில் பெரியதான 1420-ஐயே கணிப்பாகக் கொள்கிறது. உண்மை எண் 1412 என்றால் பிழை வெறும் -8. இடப்பக்கத்தை மட்டும் பார்க்கும் பழைய இழப்பற்ற ஜேபெக் இங்கே 1086 என்று கணித்து 326 அளவுக்குத் தவறியிருக்கும். அந்தப் பிழையை எழுத ஒன்பது பிட்டுகளும் அவற்றோடு பிழையின் அளவு வகையைச் சொல்லும் குறியீடும் தேவைப்பட்டிருக்கும். மூலைப் புள்ளி மற்ற இரண்டையும்விடப் பெரியதாக இருந்தால், அவ்விரண்டில் சிறியது கணிப்பாகும். சில ஒப்பீடுகள், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். இவ்வளவு குறைந்த கணக்கில் விளிம்பை உணரும் இந்த வாய்பாட்டின் அழகு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இதற்கு மேல், அண்டைப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு 365 சூழல்களாகப் பிரித்து, ஒவ்வொரு சூழலிலும் கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பிழை எவ்வளவு பெரிதாக வருகிறது என்பதைப் படம் முழுவதும் கற்றுக்கொண்டே போகிறது. சமதளமான பகுதியில், ஒரே மதிப்பு எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதை மட்டும் எழுதும் ஓட்ட முறைக்கு மாறி, வட்டத்துக்கு வெளியே உள்ள நிரப்புப் பகுதியை மிகச் சில பிட்டுகளில் கடந்துவிடுகிறது.

ஜேபெக் 2000, 1.2.840.10008.1.2.4.90. இது புள்ளிக்குப் புள்ளி கணிப்பதற்குப் பதிலாகப் படத்தை வேவ்லெட் உருமாற்றத்தால் பல தெளிவு நிலைகளாகப் பிரிக்கிறது. முழு எண்களிலேயே இயங்கும் 5/3 வேவ்லெட்டில், வட்டமாக்கல் போகும்போதும் திரும்பும்போதும் ஒரே விதியில் நடப்பதால் எதுவும் தொலைவதில்லை. 9/7 வேவ்லெட் தசம எண்களில் இயங்குவதால் அது இழப்புள்ளது. 1.2.840.10008.1.2.4.91 என்ற எண் இரண்டையும் ஏற்கும் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கோப்பு இழப்பற்றது என்று சொல்ல முடியாது. தெளிவு நிலைகள் இருப்பது நடைமுறையில் பெரிய வசதி: கோப்பின் முதல் பகுதி வந்தவுடனே சிறிய படத்தைக் காட்டி, மீதம் வர வர முழுத் தெளிவை எட்டலாம். விலை, கணக்கீட்டு நேரம்.

அந்த நேரச் சுமையைத் தீர்க்க 2019-இல் வந்த எச்டிஜே2கே, பிட்டுகளைக் குறியாக்கும் பகுதியை மட்டும் மாற்றி வேகத்தைப் பல மடங்கு உயர்த்தியது. கோப்பு சற்றே பெரிதாகும். இதன் இழப்பற்ற வடிவம் 1.2.840.10008.1.2.4.201 என்ற எண்ணில் டைகாமில் இடம்பெற்றுள்ளது. உலாவி வழியாகப் படம் பார்க்கும் புதிய அமைப்புகளை நிறுவுவோர் இதைத் தவறாமல் பரிசீலிக்க வேண்டும். பழைய கருவிகளுக்கு இது புரியாது.

இவற்றின் அளவு வேறுபாட்டை டேவிட் குளூனி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது. பல கருவிகளிலும் பல உடற்பகுதிகளிலும் எடுத்த 3,679 கறுப்பு-வெள்ளைப் படங்களில், ஜேபெக்-எல்எஸ், ஜேபெக் 2000 ஆகிய இரண்டும் 3.81 என்ற ஒரே சராசரி விகிதத்தைத் தந்தன. இடப்பக்கக் கணிப்பைப் பயன்படுத்தும் இழப்பற்ற ஜேபெக் 2.79, படத்துக்குப் படம் சிறந்த வாய்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் 3.04. பொதுவான கோப்புகளுக்காக உருவான ஜிசிப் 2.38, பிஎன்ஜி 2.76. பொதுவான கோப்புச் சுருக்கி ஏன் போதாது என்பதற்கு இந்தக் கடைசி எண்களே பதில். இவை பயன்படுத்தும் அகராதி முறைகள் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைத் தேடுகின்றன. இரைச்சலுள்ள படத்தில் ஒரே எண் தொடர் அப்படியே திரும்ப வருவது அரிது.

என் பரிந்துரை இதுதான். காப்பகச் சேமிப்பே முதன்மை நோக்கமென்றால் ஜேபெக்-எல்எஸ். தொலைவிலிருந்து படிப்படியாகப் படம் பார்க்க வேண்டுமென்றால் ஜேபெக் 2000 அல்லது எச்டிஜே2கே. பழைய கருவிகள் நிறைந்த இடமென்றால் இழப்பற்ற ஜேபெக். உள்ளூரில் எல்லா மென்பொருளும் எதைத் திறக்கிறதோ அதுவே, கோப்பு பெரிதாக இருந்தாலும், சரியான தேர்வு.

மூன்றாம் படி: சுருக்கும் முன் தயார்செய்தல்

இழப்பற்ற முறையைப் பயன்படுத்தியும் தகவல் தொலையும் இடங்கள் சில உள்ளன. அவை பெரும்பாலும் செயல்முறைக்கு வெளியே, இந்தப் படியில் இருக்கின்றன.

பழைய கருவிகள் சில, 12 பிட் படத்தை 16 பிட் இடத்தில் வைத்தபின் மீதமிருந்த நான்கு பிட்டுகளில் மேலடுக்குக் குறிப்புகளைப் பதித்து வைத்தன. அம்புக்குறிகள், அளவுகோல், சில வேளைகளில் எழுத்துகள். இப்போதைய தரம் இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டாலும் பழைய காப்பகங்களில் இவை உயிரோடு இருக்கின்றன. 12 பிட்டாகக் குறியாக்கும் மென்பொருள் அந்த நான்கு பிட்டுகளையும் சத்தமின்றி வெட்டிவிடும். ஆகவே மேலடுக்கை முதலில் அதற்குரிய தனிப் புலத்துக்கு நகர்த்தி, பிறகே படப்புள்ளிகளைச் சுருக்க வேண்டும்.

குறியுள்ள எண்களிலும் கவனம் தேவை. சில சி.டி. கருவிகள் வட்டத்துக்கு வெளியே -2000 போன்ற நிரப்பு மதிப்பை வைக்கின்றன. ஜேபெக்-எல்எஸ், இழப்பற்ற ஜேபெக் ஆகியவற்றின் குறியாக்கத் தொடரில் எண்கள் குறியற்றவையாகவே கருதப்படுவதால், எதிர்மறை எண்கள் மிகப் பெரிய நேர்ம எண்களாகத் தோன்றும். விரித்த பிறகு (0028,0103) புலத்தைப் பார்த்துச் சரியாகப் பொருள்கொண்டால் இழப்பு எதுவும் இல்லை, ஆனால் 0-ஐச் சுற்றி ஊசலாடும் பகுதிகளில் சுருக்க விகிதம் மோசமாகும். இதைச் சரிசெய்ய எண்களை நகர்த்தி மாற்றியமைக்கத் தோன்றும். காப்பகத்தில் அதைச் செய்யாதிருப்பதே நல்லது. மூல எண்ணை மாற்றினால், சேமித்த எண்ணை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகாக மாற்ற உதவும் சரிவு, வெட்டு மதிப்புப் புலங்களையும் மாற்ற வேண்டிவரும், பின்னர் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் சிக்கலாகும்.

வண்ணப் படங்களுக்கு ஒரே எச்சரிக்கை போதும். ஆர்ஜிபி மதிப்புகளை வழக்கமான ஜேபெக் நிற உருமாற்றத்துக்கு உட்படுத்தினால் வட்டமாக்கலில் இழப்பு ஏற்படும். ஜேபெக் 2000-இல் முழு எண் உருமாற்றத்தை மட்டுமே பயன்படுத்தி, (0028,0004) புலத்தில் அதற்குரிய மதிப்பான ஒய்பிஆர்-ஆர்சிடி என்பதை எழுத வேண்டும்.

நான்காம் படி: குறியாக்கம்

ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் உள்ள ஓஃபிஸ் நிறுவனம் பராமரிக்கும் டிசிஎம்டிகே, அத்துடன் ஜிடிசிஎம், பைடைகாம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நம்பகமான கருவித்தொகுப்புகள். டிசிஎம்டிகேயின் இலவசப் பதிப்பில் ஜேபெக் 2000 இல்லை. ஜிடிசிஎம் தொகுப்பில் உண்டு. பெல்ஜியத்தில் உருவான ஆர்த்தாங்க் சர்வர், படம் வந்து சேரும்போதே குறிப்பிட்ட வடிவுக்கு மாற்றிச் சேமிக்கும் வசதி கொண்டது. அதே சர்வரில் எல்லாக் கோப்புகளையும் பொதுச் சுருக்கியால் சுருக்கும் இன்னொரு அமைப்பும் உள்ளது. ஏற்கெனவே ஜேபெக்-எல்எஸ் வடிவில் உள்ள கோப்புகளை அது மேலும் சிறிதாக்காது, சர்வரின் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

டிசிஎம்டிகேயின் ஜேபெக் கருவியில் 'உண்மை இழப்பற்ற', 'போலி இழப்பற்ற' என்று இரண்டு விருப்பங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது விருப்பம் குறியாக்குவதற்கு முன் படத்தின் செறிவை மாற்றியமைக்கக்கூடும் என்பதால், குறியாக்கம் இழப்பற்றதாக இருந்தும் மொத்த விளைவு இழப்புள்ளதாகலாம். முதலாவதை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இழப்பற்ற சுருக்கத்தில் படத்தின் அடையாள எண்ணான (0008,0018) புலத்தை மாற்ற வேண்டியதில்லை. படப்புள்ளிகள் மாறாததால் அது அதே படம்தான். அறிக்கைகளும் பழைய ஒப்பீடுகளும் அந்த எண்ணைச் சுட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தேவையின்றிப் புதிய எண் தரும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். இழப்புள்ள சுருக்கமாக இருந்தால் புதிய எண் கட்டாயம்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அது இதுவாக இருக்க வேண்டும். குறியாக்கக் கருவி பிழைச் செய்தி எதுவும் தராமல் முடித்தது என்பது சான்றாகாது.

மூலக் கோப்பின் ஹேஷையும் (தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறு எண்) சுருக்கி விரித்த கோப்பின் ஹேஷையும் ஒப்பிடுவதால் பயனில்லை. டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸ் எண்ணும் சில தலைப்புப் புலங்களும் மாறியிருக்கும் என்பதால் கோப்பு ஹேஷ் வேறுபட்டே வரும். ஒப்பிட வேண்டியது படப்புள்ளி எண்களை. மூலத்திலிருந்து புள்ளிகளை எடுத்து, பயன்படும் பிட்டுகளுக்கு மேலுள்ளவற்றை மறைத்து, குறியைச் சரியாகப் பொருள்கொண்டு, அந்த எண் வரிசையின் எஸ்எச்ஏ-256 ஹேஷைக் கணக்கிட வேண்டும். சுருக்கிய கோப்பை விரித்து அதே வழியில் இன்னொரு ஹேஷ். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பல சட்டகங்கள் உள்ள கோப்பில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் தனி ஹேஷ் வைத்தால், எங்கே பிசகியது என்பது உடனே தெரியும். மறைத்த மேல் பிட்டுகளில் ஏதேனும் இருந்ததா என்பதைத் தனியே பதிவு செய்ய வேண்டும். மூன்றாம் படியில் தப்பிய மேலடுக்கு இங்கே பிடிபடும். படப்புள்ளிகளைத் தவிர்த்த மற்ற புலங்கள் அனைத்தையும், குறிப்பாகச் சரிவு, வெட்டு, சாளரம், புள்ளி இடைவெளி ஆகியவற்றை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

விரிப்பதற்குச் சுருக்கிய அதே நூலகத்தைப் பயன்படுத்தக் கூடாது. குறியாக்கும் பகுதியிலும் விரிக்கும் பகுதியிலும் ஒரே பிழை இருந்தால், ஒன்று மற்றொன்றை ஈடுசெய்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இது வெறும் ஊகமில்லை. 16 பிட் இழப்பற்ற ஜேபெக்கின் ஆறாவது கணிப்பு வாய்பாட்டில், இடைக்கணக்கு 16 பிட்டைத் தாண்டி வழியும் பிழையுடன் எழுதப்பட்ட கோப்புகள் உலகில் இருக்கின்றன. அவற்றை விரிப்பதற்கென்றே டிசிஎம்டிகேயில் ஒரு தனி விருப்பம் வைக்கப்பட்டுள்ளது. ஜிடிசிஎம் கொண்டு சுருக்கினால் டிசிஎம்டிகே கொண்டு விரிப்பது, அல்லது அதன் மறுதலை, எளிய பாதுகாப்பு. ஒரே உள்நூலகத்தை இரண்டு தொகுப்புகள் பகிர்ந்துகொள்ளும் சூழலும் உண்டு என்பதால் அதையும் ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு எடுக்கும் படங்களில் அழகான சி.டி. துண்டுகள் மட்டும் இருந்தால் போதாது. முழுவதும் ஒரே மதிப்புள்ள படம், முழு 16 பிட் வரம்பையும் தொடும் படம், குறியுள்ள எண்களில் மிகச்சிறியதும் மிகப்பெரியதும் அடுத்தடுத்து வரும் படம், ஒற்றைப்படை நிரல்கள் கொண்ட படம், வெறும் இரைச்சல் நிரம்பிய படம் ஆகியவற்றைச் செயற்கையாக உருவாக்கிச் சேர்க்க வேண்டும். வெறும் இரைச்சல் படம் சுருங்காமல் பெரிதாகலாம். அது பிழையில்லை, ஷானனின் எல்லை அப்படி.

சோதனைத் தொகுப்போடு நிறுத்திவிடாமல், அன்றாட ஓட்டத்திலும் ஒவ்வொரு கோப்பையும் இவ்வாறு சரிபார்க்க முடியும். விரிப்பதற்கான நேரம் குறைவு. இரவு நேரத்தில் சர்வர் சும்மா இருக்கும்போது இந்த வேலையை ஓடவிடலாம்.

ஆறாம் படி: பழக்கத்துக்குக் கொண்டுவருதல்

சுருக்கிய கோப்பை இன்னொரு கருவிக்கு அனுப்பும்போது, இரு பக்கமும் எந்த வடிவங்களை ஏற்கும் என்று இணைப்பின் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்கின்றன. பெறுபவருக்கு ஜேபெக்-எல்எஸ் தெரியாவிட்டால், அனுப்பும் சர்வர் விரித்து 1.2.840.10008.1.2 வடிவில் அனுப்ப வேண்டும். அந்த வசதி இயங்குகிறதா என்பதை ஒவ்வொரு பெறுபவருடனும், குறிப்பாக அறுவைச் சிகிச்சை வழிகாட்டும் கருவி, கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்ட மென்பொருள், நோயாளிக்குக் குறுவட்டு எழுதிக் கொடுக்கும் இயந்திரம் ஆகியவற்றுடன் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ரேடியாலஜி அறையில் எல்லாம் சரியாகத் தெரிந்து, இந்த ஓரத்துக் கருவிகளில் படம் திறக்காமல் போவதே இத்தகைய மாற்றங்களில் அதிகம் எதிர்ப்படும் சிக்கல்.

பழைய படங்களை மாற்றும்போது ஒரு கருவியின் ஒரு மாதப் படங்களிலிருந்து தொடங்கி, சரிபார்ப்புப் பதிவில் ஒரு முரண்பாடும் இல்லையென்று உறுதியான பிறகு அடுத்ததற்குச் செல்வது நல்லது. பதிவில் படத்தின் அடையாள எண், மூல ஹேஷ், விரித்த ஹேஷ், சுருக்கிய கருவியின் பெயரும் பதிப்பும், விரித்த கருவியின் பெயரும் பதிப்பும், தேதி ஆகியவை இருக்க வேண்டும். பின்னாளில் ஏதேனும் ஒரு பதிப்பில் பிழை இருந்ததாக அறிவிப்பு வந்தால், அதனால் பாதிக்கப்பட்ட கோப்புகள் எவை என்பதை இந்தப் பதிவிலிருந்து சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். ஹேஷ்கள் ஒத்துப்போன கோப்புகளின் மூலப் பிரதியையும், அடுத்த முழுக் காப்புப்பிரதி எடுத்து அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்க்கும்வரை அழிக்கக் கூடாது.

ஹேஷ் ஒத்துப்போகாத கோப்புகளை மறுபடி மறுபடி ஓட்டி ஒத்துப்போக வைக்க முயல்வதைவிட, அவற்றைச் சுருக்காமல் அப்படியே விட்டுவைத்துத் தனிப் பட்டியலில் சேர்ப்பது பாதுகாப்பானது. பெரும்பாலான காப்பகங்களில் அந்தப் பட்டியல் ஏதோ ஒரு பழைய கருவியையோ ஒரு மென்பொருள் பதிப்பையோ சுற்றியே அமையும், அதைக் கொண்டு முதல் படியில் தவறவிட்ட புலம் எது என்பதைக் கண்டுபிடிக்கலாம்.